இரண்டாவது பேட்டரி வந்ததும் திணறுகிறவர்களுக்கு: பல வளைய மின்சுற்றில் மின்னோட்டம் காண்பது எப்படி?

சுற்றில் ஒரே ஒரு பேட்டரி இருந்தவரை எனக்குப் பிரச்சினை இருந்ததில்லை. தொடரில் இருக்கும் மின்தடைகளைக் கூட்டு, பக்க இணைப்பில் இருந்தால் தலைகீழாக்கிக் கூட்டு, கடைசியில் ஓம் விதியைப் போடு, முடிந்தது. இரண்டாவது பேட்டரி உள்ளே வந்த நாளில் எல்லாம் குலைந்தது. எது எதோடு தொடரில் இருக்கிறது என்றே சொல்லத் தெரியவில்லை. ஒரு தேர்வில் −1 ஆம்பியர் என்று சரியான விடை வந்தும், மின்னோட்டம் எப்படி மைனஸில் இருக்கும் என்று பயந்துபோய் அழித்தேன். அம்புக்குறியைத் திருப்பினேன். மூன்று சமன்பாடுகளில் ஒன்றை மட்டும் அதற்கேற்ப மாற்றினேன், மற்ற இரண்டை மறந்துவிட்டேன். கூட்டல் குறியோடு அழகான ஒரு தப்பு விடை கிடைத்தது. அதை எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன்.

இந்த வகைக் கணக்கில் இயற்பியல் கொஞ்சம்தான். கிர்க்காஃப் விதிகள் இரண்டு, அவ்வளவே. மீதியெல்லாம் கணக்குப்பிள்ளை வேலை: எதை எந்தக் குறியோடு எங்கே எழுதினோம் என்று ஒழுங்காக வைத்திருப்பது. நான் இழந்த மதிப்பெண்கள் முழுக்க அந்த வேலையில்தான் போயின. அதனால் கீழே உள்ள படிகளில் விதிகளை விடக் குறிகளைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

மூன்று சொற்களை மட்டும் முதலில் பேசி வைத்துக்கொள்வோம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கம்பிகள் கூடும் இடம் சந்தி. ஒரு சந்தியிலிருந்து அடுத்த சந்தி வரை உள்ள பாதை கிளை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் பாதை வளையம். பாடநூல்களில் இதை மூடிய சுற்று என்பார்கள். மின்சுற்று என்ற சொல்லோடு குழம்பக் கூடாது என்பதால் நான் வளையம் என்றே சொல்கிறேன்.

1. மேசையில் இருக்க வேண்டியவை, ஒதுக்க வேண்டிய நேரம்

ஒரு முழுப் பக்கம், பென்சில், அழிப்பான், வேறு நிறத்தில் ஒரு பேனா, கால்குலேட்டர். முழுப் பக்கம் என்று சொன்னதைக் கவனியுங்கள். பக்கத்தின் ஓரத்தில் கட்டை விரல் அளவுக்குப் படம் வரைந்து செய்தவர்கள் யாரும் இந்தக் கணக்கிலிருந்து பிழையில்லாமல் வெளியே வந்து நான் பார்த்ததில்லை.

இரண்டு வளையக் கணக்குக்கு முதல் நாலைந்து தடவை இருபது நிமிடம் கூட ஆகும். கவலை வேண்டாம். பழகிவிட்டால் ஆறேழு நிமிடத்தில் முடியும். மூன்று வளையம் என்றால் பதினைந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் முதல் இரண்டு நிமிடத்தில் சமன்பாடு எழுதக் கூடாது. அந்த நேரம் படத்துக்கு.

மூன்று மாறிச் சமன்பாடுகளைத் தானே தீர்க்கும் கால்குலேட்டர் இருந்தால் நல்லதுதான். தேர்வுக்கு அதை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: அது மாறிலியைச் சமக்குறிக்கு இந்தப் பக்கம் எதிர்பார்க்கிறதா, அந்தப் பக்கமா என்று வீட்டிலேயே ஒரு தெரிந்த கணக்கைப் போட்டுப் பாருங்கள். பக்கம் மாறிப் போட்டால் எல்லா விடைகளும் குறி மாறித்தான் வரும், சந்தேகமே வராது.

2. படத்தை உங்கள் கையால் மறுபடி வரையுங்கள்

கேள்வித்தாளில் இருக்கும் படத்தின் மேலேயே கிறுக்க வேண்டாம். அது இடத்தை மிச்சம் பிடிக்கக் கோணலாக வரையப்பட்டது. நீங்கள் வரையும்போது செவ்வகமாக, கிளைகள் நேர்கோட்டில் நிற்கும்படி வரையுங்கள்.

நாம் கடைசி வரை பிடித்துக்கொண்டு போகப்போகும் சுற்று இது. மேலே ஒரு சந்தி, கீழே ஒரு சந்தி. இரண்டையும் மூன்று கிளைகள் இணைக்கின்றன. இடக் கிளையில் 12 வோல்ட் பேட்டரியும் 1 ஓம் மின்தடையும். நடுக் கிளையில் 10 ஓம் மட்டும். வலக் கிளையில் 6 வோல்ட் பேட்டரியும் 4 ஓம் மின்தடையும். இரண்டு பேட்டரிகளின் நேர்முனையும் மேல் நோக்கி இருக்கின்றன. படிப்பதை நிறுத்திவிட்டு இதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

வரையும்போதே சிக்கவைக்கும் இடங்கள் சில உண்டு.

பேட்டரிக் குறியீட்டில் நீளக் கோடு நேர்முனை, குட்டைக் கோடு எதிர்முனை. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அவசரத்தில் மாறிப்போகும். அதனால் கோட்டுக்குப் பக்கத்தில் + என்றும் − என்றும் நிறப் பேனாவால் எழுதிவிடுங்கள். அப்புறம் கோட்டைப் பார்க்கவே வேண்டாம், குறியைப் பார்த்தால் போதும்.

கேள்வியில் பேட்டரிக்கு அக மின்தடை கொடுத்திருந்தால் அதைப் பேட்டரிக்கு அருகில் தனி மின்தடையாக வரையுங்கள். மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் சமன்பாட்டில் விட்டுப்போகும். அரைப் பக்கக் கணக்கு முடிந்த பிறகுதான் ஞாபகம் வரும்.

இடையில் எதுவும் இல்லாமல் வெறும் கம்பி இணைக்கும் இரண்டு புள்ளிகள் ஒரே சந்திதான், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும். அதே போல, இரண்டு கம்பிகள் குறுக்கே போகும் இடத்தில் புள்ளி வைக்கப்படவில்லை என்றால் அவை தொடவில்லை என்று பொருள்.

ஒரே கிளைக்குள் அடுத்தடுத்து இரண்டு மின்தடைகள் இருந்தால் இப்போதே கூட்டி ஒன்றாக்குங்கள். ஆனால் நம் படத்தில் 1 ஓமையும் 4 ஓமையும் பார்த்து, வெளி வளையத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே வருகின்றன என்று 5 ஓம் ஆக்கிவிடாதீர்கள். நடுவில் சந்தி இருக்கிறது. ஒன்றில் போகும் மின்னோட்டம் வேறு, மற்றதில் போவது வேறு. இரண்டிலும் அதே மின்னோட்டம் கட்டாயமாகப் போனால்தான் அது தொடர்.

நேர மிச்சத்துக்கு ஒரு குறிப்பு: சுற்றில் மின்தேக்கி இருந்து, வெகுநேரம் கழித்து என்ன நிலை என்று கேட்டிருந்தால், அந்தக் கிளையில் மின்னோட்டம் சுழி. கிளையையே படத்திலிருந்து எடுத்துவிட்டுத் தொடருங்கள்.

3. அம்பு போடுங்கள், அப்புறம் அதைத் தொடாதீர்கள்

ஒவ்வொரு கிளைக்கும் ஒரே ஒரு மின்னோட்டம், ஒரே ஒரு அம்பு. கிளைக்குள் எத்தனை உறுப்புகள் இருந்தாலும் சரி. நம் சுற்றில் இடக் கிளையின் மின்னோட்டத்தை இ என்றும், வலக் கிளையை வ என்றும், நடுக் கிளையை ந என்றும் வைக்கிறேன். இ மேல் நோக்கி, வ மேல் நோக்கி, ந கீழ் நோக்கி.

வ உண்மையிலேயே மேல் நோக்கித்தான் போகிறதா? எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையான திசையை ஊகித்து அம்பு போட வேண்டும் என்று நினைத்துத்தான் நான் பல நாள் படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்பு வெறும் பெயர்ப்பலகை. இந்தத் திசையைக் கூட்டல் என்று எண்ணுகிறேன் என்ற அறிவிப்பு மட்டும்தான் அது. தப்பாகப் போட்டால் விடை கழித்தல் குறியோடு வந்து உண்மையைச் சொல்லிவிடும்.

ஆனால் போட்ட பிறகு மாற்றக் கூடாது. அம்புகளை நிறப் பேனாவில் போடச் சொல்வது இதற்காகத்தான். பென்சிலில் போட்டால் கை அரிக்கும்.

4. எத்தனை சமன்பாடு என்று முதலில் எண்ணுங்கள்

தெரியாத மின்னோட்டங்கள் எத்தனையோ அத்தனை சமன்பாடுகள் வேண்டும். நமக்கு மூன்று. சந்திகளிலிருந்து, சந்திகளின் எண்ணிக்கையை விட ஒன்று குறைவாக எழுதலாம். நமக்கு 2 − 1 = 1. மீதி 2 சமன்பாடுகள் வளையங்களிலிருந்து வர வேண்டும்.

இந்த எண்ணிக்கையைச் செய்யாமல் இறங்கியதன் பலனை அனுபவித்தவன் நான். இட வளையம், வல வளையம், வெளி வளையம் மூன்றுக்கும் சமன்பாடு எழுதி, மூன்று மாறி மூன்று சமன்பாடு, சரிதானே என்று தீர்க்க உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து 12 = 12 என்று வந்தது. தப்பே இல்லாத, ஒன்றுக்கும் உதவாத வரி. வெளி வளையத்தின் சமன்பாடு மற்ற இரண்டையும் கழித்தால் வருவது, புதிதாக எதையும் சொல்வதில்லை. மேல் சந்திக்கு எழுதிவிட்டுக் கீழ்ச் சந்திக்கும் எழுதினால் இதே கதைதான்.

தப்பிக்க வழி: ஒவ்வொரு புது வளையத்திலும் இதுவரை எந்த வளையமும் தொடாத ஒரு கிளையாவது இருக்கட்டும். படத்தில் ஜன்னல்கள் போலத் தெரியும் சின்ன வளையங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இது தானாகவே அமையும்.

5. சந்தியில் வரவு, செலவு

உள்ளே வருவது = வெளியே போவது. மேல் சந்தியில் இ உள்ளே வருகிறது, வ உள்ளே வருகிறது, ந வெளியேறுகிறது.

இ + வ = ந

அவ்வளவுதான். அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் பாருங்கள், உண்மையில் எப்படிப் போகும் என்று யோசிக்காதீர்கள்.

6. வளையத்தை நடந்து பாருங்கள்

மதிப்பெண்கள் போகும் இடம் இதுதான். நிதானமாக வாருங்கள்.

மின்னழுத்தத்தை உயரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் புறப்பட்டு, மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கி, அதே இடத்துக்குத் திரும்பினால் மொத்த ஏற்றமும் மொத்த இறக்கமும் சமமாகத்தான் இருக்கும். கிர்க்காஃபின் வளைய விதி இதைத்தான் சொல்கிறது. நடக்கும்போது நான்கே நான்கு நிலைமைகள் வரலாம்:

மின்தடையை அம்பு போகும் திசையிலேயே கடந்தால் இறக்கம். மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிக் கழியுங்கள்.
மின்தடையை அம்புக்கு எதிராகக் கடந்தால் ஏற்றம். பெருக்கிக் கூட்டுங்கள்.
பேட்டரியை எதிர்முனையில் நுழைந்து நேர்முனையில் வெளியேறினால் ஏற்றம். கூட்டுங்கள்.
நேர்முனையில் நுழைந்து எதிர்முனையில் வெளியேறினால் இறக்கம். கழியுங்கள்.

பேட்டரிக்கான இரண்டு வரிகளில் அம்பைப் பற்றிப் பேச்சே இல்லை, பார்த்தீர்களா? பேட்டரியின் குறியை முடிவு செய்வது நீங்கள் எந்த முனையில் நுழைகிறீர்கள் என்பது மட்டும்தான். அதன் வழியாக மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் அந்த 6 வோல்ட் அந்த 6 வோல்ட்தான். மின்தடைக்கோ நேர்மாறு, அங்கே அம்பு மட்டும்தான் பேசும். இந்த இரண்டையும் கலந்துகட்டி, பேட்டரிக்கும் அம்பைப் பார்த்துக் குறி போடுவதுதான் நான் பார்த்தவரை அதிகம் பேர் செய்யும் தப்பு.

சரி, நடப்போம். இட வளையம்: கீழ்ச் சந்தியில் புறப்பட்டு இடக் கிளை வழியாக மேலே ஏறி, நடுக் கிளை வழியாகக் கீழே இறங்குகிறோம். 12 வோல்ட் பேட்டரியில் எதிர்முனையில் நுழைகிறோம், +12. 1 ஓமை இ திசையிலேயே கடக்கிறோம், கழித்தல். 10 ஓமை ந திசையிலேயே கடக்கிறோம், கழித்தல்.

12 − 1 இ − 10 ந = 0

வல வளையம்: கீழ்ச் சந்தியில் புறப்பட்டு வலக் கிளையில் ஏறி, நடுக் கிளையில் இறங்குகிறோம்.

6 − 4 வ − 10 ந = 0

முதல் வளையத்தைக் கடிகாரத் திசையில் சுற்றினோம், இரண்டாவதை எதிர்த்திசையில். பரவாயில்லை. வல வளையத்தைக் கடிகாரத் திசையில் சுற்றியிருந்தால், நடுவில் ந-வை எதிர்த்து ஏறி, வலப்பக்கம் வ-வை எதிர்த்து இறங்கி, பேட்டரியின் நேர்முனையில் நுழைந்திருப்போம்: 10 ந + 4 வ − 6 = 0. எல்லாக் குறிகளும் ஒட்டுமொத்தமாக மாறிய அதே சமன்பாடு. பாதி வழியில் திசையை மாற்றினால்தான் ஆபத்து. விரலைப் படத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே எழுதுங்கள். சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியும், ஆனால் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

7. தீர்ப்பது

ந-வுக்குப் பதில் இ + வ போடுங்கள்.

11 இ + 10 வ = 12
10 இ + 14 வ = 6

முதல் வரியை 14-ஆலும் இரண்டாவதை 10-ஆலும் பெருக்கிக் கழித்தால் 54 இ = 108. ஆக இ = 2. இதை முதல் வரியில் போட்டால் 22 + 10 வ = 12, வ = −1. கடைசியாக ந = 2 − 1 = 1.

அலகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. வோல்டும் ஓமும் போட்டால் ஆம்பியர் வரும். வோல்டும் கிலோ ஓமும் போட்டால் மில்லி ஆம்பியர் வரும், மூன்று பூச்சியங்களைச் சுமக்கவே வேண்டாம். ஆனால் ஒரே கணக்கில் ஒரு மின்தடையை ஓமிலும் மற்றதைக் கிலோ ஓமிலும் வைத்துவிட்டால் விடை எங்கோ போய்விடும். சமன்பாடு எழுதும் முன்பே எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றிவிடுங்கள்.

8. மைனஸ் வந்துவிட்டதா? வைத்துக்கொள்ளுங்கள்

நான் அன்று அழித்தது இந்த −1 போன்ற ஒன்றைத்தான். அதன் பொருள் இவ்வளவே: வலக் கிளையில் 1 ஆம்பியர் ஓடுகிறது, நாம் போட்ட அம்புக்கு எதிராக, அதாவது கீழ் நோக்கி. 12 வோல்ட் பேட்டரி 2 ஆம்பியர் தருகிறது. அதில் 1 ஆம்பியர் 10 ஓம் வழியாகப் போகிறது, மீதி 1 ஆம்பியர் 6 வோல்ட் பேட்டரிக்குள் நேர்முனை வழியாக நுழைகிறது. அந்தப் பேட்டரி இங்கே மின்சாரம் தரவில்லை, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது.

இது நியாயம்தானா என்று கணக்கில்லாமலே பார்க்கலாம். வலக் கிளையை வெட்டிவிட்டால், 12 வோல்ட் 11 ஓமில் பகிரப்பட்டு, மேல் சந்தி கீழ்ச் சந்தியை விட ஏறக்குறைய 10.9 வோல்ட் உயரத்தில் நிற்கும். அங்கே 6 வோல்ட் பேட்டரியைக் கொண்டுவந்து சேர்த்தால் அது மேலே தள்ள முடியாது, கீழேதான் தள்ளப்படும். வலப் பேட்டரி 10.9 வோல்டுக்கு மேல் இருந்திருந்தால் வ கூட்டல் குறியோடு வந்திருக்கும்.

அடுத்தடுத்த பகுதிகளில் திறன் கேட்டாலோ மின்னழுத்தம் கேட்டாலோ, பழைய அம்போடு −1 என்றே போட்டுக்கொண்டு போங்கள். இறுதி விடையை எழுதும்போது மட்டும் "1 ஆம்பியர், கீழ் நோக்கி" என்று திசையோடு எழுதுங்கள்.

9. இரண்டு நிமிடச் சரிபார்ப்பு

முதல் சோதனை, பயன்படுத்தாமல் விட்ட வளையம். வெளி வளையத்தை நடந்து பாருங்கள்: இடப்பக்கம் ஏறி, வலப்பக்கம் இறங்கி. 12 − 1 × 2 + 4 × (−1) − 6 = 12 − 2 − 4 − 6 = 0. சரி.

ஆனால் வ-வின் குறியை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தால் இந்தச் சோதனையும் சேர்ந்து ஏமாறும். அதைவிட நான் நம்புவது திறன் சோதனை. 12 வோல்ட் பேட்டரி தருவது 12 × 2 = 24 வாட். 1 ஓமில் வெப்பமாவது 2 × 2 × 1 = 4 வாட். 10 ஓமில் 10 வாட். 4 ஓமில் 4 வாட். 6 வோல்ட் பேட்டரி உள்ளே வாங்குவது 6 வாட். கூட்டினால் 4 + 10 + 4 + 6 = 24. கொடுத்ததும் செலவானதும் ஒத்துப்போகிறது. மின்தடைகளில் மின்னோட்டத்தின் வர்க்கம் வருவதால் குறிப் பிழைகள் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது.

10. மூன்று வளையம் வந்தால்: வளைய மின்னோட்ட முறை

ஆறு கிளை, நான்கு சந்தி என்று வரும்போது மேலே சொன்ன முறையில் ஆறு சமன்பாடுகள் எழுத வேண்டும். எழுதலாம், ஆனால் உயிர் போய்விடும். கிளைக்கு ஒரு மின்னோட்டம் வைக்காமல் ஜன்னலுக்கு ஒரு மின்னோட்டம் வையுங்கள். எல்லாவற்றையும் கடிகாரத் திசையில் சுழல விடுங்கள். இரண்டு ஜன்னல்களுக்குப் பொதுவான கிளையில் ஓடுவது இரண்டின் வித்தியாசம். சந்தி விதி தானாகவே நிறைவேறிவிடும், எழுதவே வேண்டாம்.

சமநிலையில் இல்லாத வீட்ஸ்டன் சுற்று இதற்கு நல்ல பயிற்சி. தொடர், பக்க இணைப்பு என்று எப்படிச் சுருக்கினாலும் இது மடங்காது. வைர வடிவம் ஒன்றை வரையுங்கள். மேல் முனையிலிருந்து இட முனைக்கு 2 ஓம், மேலிருந்து வலத்துக்கு 6 ஓம், இடத்திலிருந்து கீழ் முனைக்கு 8 ஓம், வலத்திலிருந்து கீழுக்கு 3 ஓம், இடத்தையும் வலத்தையும் குறுக்கே இணைக்கும் 2 ஓம். 12 வோல்ட் பேட்டரி வைரத்துக்கு இடப்புறத்தில், நேர்முனை மேல் முனையோடும் எதிர்முனை கீழ் முனையோடும் சேர்ந்திருக்கிறது.

மூன்று ஜன்னல்கள்: பேட்டரி இருக்கும் இட ஜன்னலில் க, மேல் முக்கோணத்தில் ச, கீழ் முக்கோணத்தில் த.

சமன்பாடு எழுத ஒரு வாய்பாடு உண்டு. ஜன்னலின் எல்லா மின்தடைகளையும் கூட்டி அதன் சொந்த மின்னோட்டத்தால் பெருக்குங்கள். பக்கத்து ஜன்னலோடு பகிரும் மின்தடையைப் பக்கத்து மின்னோட்டத்தால் பெருக்கிக் கழியுங்கள். வலப்பக்கத்தில், அந்த ஜன்னலைச் சுற்றும்போது பேட்டரி தரும் ஏற்றம்.

10 க − 2 ச − 8 த = 12
−2 க + 10 ச − 2 த = 0
−8 க − 2 ச + 13 த = 0

இரண்டாவது வரியிலிருந்து க = 5 ச − த. இதை மூன்றாவதில் போட்டால் த = 2 ச, ஆகவே க = 3 ச. முதல் வரியில் போட்டால் 12 ச = 12. ச = 1, த = 2, க = 3 ஆம்பியர்.

இவை இன்னும் கிளை மின்னோட்டங்கள் ஆகவில்லை. இங்கேயே நிறுத்திவிட்டு விடை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. குறுக்கே இருக்கும் 2 ஓமில் ஓடுவது த − ச = 1 ஆம்பியர், இடத்திலிருந்து வலமாக. மேல் இடக் கையில் க − ச = 2, கீழ் இடக் கையில் க − த = 1. பேட்டரி தருவது 3 ஆம்பியர், ஆக மொத்தச் சுற்றும் பேட்டரிக்கு 4 ஓம் போலத் தெரிகிறது.

ஒரு கொசுறு: சமன்பாடுகளின் எண்களைப் பாருங்கள். முதல் வரியில் ச-வின் கெழு −2, இரண்டாவது வரியில் க-வின் கெழுவும் −2. முதல் வரியில் த −8, மூன்றாவதில் க −8. பேட்டரிகளும் மின்தடைகளும் மட்டும் உள்ள சுற்றில், எல்லாவற்றையும் ஒரே திசையில் சுழல விட்டால், இந்தக் கண்ணாடிப் பொருத்தம் எப்போதும் இருக்கும். இல்லை என்றால் எங்கோ தப்பு, தீர்க்க ஆரம்பிக்காதீர்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து விநாடிதான் ஆகும், எனக்கு இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

கம்பிகள் ஒன்றையொன்று தாண்டாமல் தாளில் வரைய முடிகிற சுற்றுகளுக்குத்தான் இந்த ஜன்னல் முறை. தாண்டாமல் வரையவே முடியாத சுற்றுக்குக் கிளை முறை அல்லது அடுத்து வருவது.

11. சந்திகள் குறைவாக இருந்தால்: குறுக்கு வழி

நம் முதல் சுற்றில் இரண்டே சந்திகள். கீழ்ச் சந்தியைச் சுழி வோல்ட் என்று வைத்து, மேல் சந்தியின் மின்னழுத்தத்தை மட்டும் தெரியாததாக எடுத்தால் ஒரே சமன்பாடு போதும். அதை ம என்போம்.

(12 − ம) / 1 + (6 − ம) / 4 = ம / 10

20-ஆல் பெருக்கினால் 240 − 20 ம + 30 − 5 ம = 2 ம. ஆக 27 ம = 270, ம = 10 வோல்ட். இனி இ = (12 − 10) / 1 = 2, வ = (6 − 10) / 4 = −1, ந = 10 / 10 = 1. ஏழாம் படியில் செய்ததெல்லாம் மூன்று வரியில்.

பின் ஏன் இதை முதலில் சொல்லவில்லை? வளையங்களில் குறி போடப் பழகாதவர்கள் (12 − ம) என்பதை (ம − 12) என்று எழுதிவிடுவார்கள், அப்புறம் எங்கே தப்பு என்று தேடவும் தெரியாது. கை பழகிய பிறகு இதற்கு மாறுங்கள். தேர்வில் எந்த முறை என்று குறிப்பிட்டுக் கேட்கவில்லை என்றால், சந்திகளும் வளையங்களும் எத்தனை என்று எண்ணி, சமன்பாடு குறைவாக வரும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

12. நிஜமாகவே இணைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு

தாளில் போட்ட 1, 4, 10 ஓமை அப்படியே பிரெட்போர்டில் செருகிவிடாதீர்கள். 10 ஓம் மின்தடையில் 10 வாட் வெப்பம் வருகிறது. சாதாரணமாகக் கிடைக்கும் சின்ன மின்தடைகள் கால் வாட் தாங்குபவை, புகைந்துவிடும். எல்லாவற்றையும் ஆயிரம் மடங்காக்கி 1, 3.9, 10 கிலோ ஓம் போடுங்கள் (4 கிலோ ஓம் வழக்கமான அளவு இல்லை, 3.9 கிடைக்கும்). விடைகள் மில்லி ஆம்பியரில் ஏறக்குறைய அதே எண்களாக வரும். மின்தடையில் தங்க நிறப் பட்டை இருந்தால் அதன் மதிப்பு 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம், அதனால் அளவீடு கொஞ்சம் தள்ளி வந்தால் கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம்.

6 வோல்ட் பக்கத்தில் மின்னோட்டம் உள்ளே போகிறது என்பதை மறக்காதீர்கள். அங்கே சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியை வையுங்கள், சாதாரண உலர் மின்கலங்களை வேண்டாம். அடாப்டர் வைத்தால் அது மின்னோட்டத்தைத் தரும், பெரும்பாலும் திரும்ப வாங்கிக்கொள்ளாது. 6 வோல்டில் நிற்காமல் மேலே ஏறிவிடும், உங்கள் எண்கள் எதுவும் பொருந்தாது.

மின்தடை எதுவும் இல்லாமல் 12 வோல்டையும் 6 வோல்டையும் நேரடியாகப் பக்க இணைப்பில் சேர்க்கவே கூடாது. தாளில் அந்த வளையத்துக்குச் சமன்பாடு எழுதினால் 12 − 6 = 0 என்று வரும். நிஜத்தில் அந்த மிச்ச 6 வோல்ட் முழுவதும் பேட்டரிகளின் சின்ன அக மின்தடை மேல் விழும், பெரிய மின்னோட்டம் பாய்ந்து பேட்டரியும் கம்பியும் சூடாகும்.

அளப்பதற்கு மல்டிமீட்டரை மின்னோட்ட நிலையில் வைத்தால் கிளையை வெட்டி இடையில் சேர்க்க வேண்டும். அந்த நிலையில் வைத்துக்கொண்டே பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும். நான் இரண்டு மாற்றியிருக்கிறேன். சுலபமான வழி, ஒவ்வொரு மின்தடையின் குறுக்கேயும் வோல்டை அளந்து மின்தடையால் வகுப்பது. சிவப்பு முனையை அம்பு நுழையும் பக்கத்திலும் கறுப்பை வெளியேறும் பக்கத்திலும் வையுங்கள். 3.9 கிலோ ஓமில் அப்படி வைத்தபோது திரையில் −4 வோல்டுக்கு அருகில் ஓர் எண் வந்தது.